ரெடிமேட் வேண்டாம்

“ஒரு வாரமெல்லாம் பத்தாதுங்க. ஒரு வருஷத்துப் படமாவது அழியாம நிக்கணும்” என்றாள் மனைவி. கணவன் அவளைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

“வீட்டுக் கேமராவுக்கு ஒரு வருஷமா?” கம்ப்யூட்டர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “நகைக்கடையிலேயே அவ்வளவு வெக்க மாட்டாங்கம்மா.”

“நான் ஆபீஸ் போனா இவ வீட்டுல தனியா இருக்கா சார். அதுக்குத்தான்” என்றான் கணவன். கூட வந்திருந்த அவனுடைய அக்கா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

இடி இடித்த அன்று, ஒரு வாரத்துக் கேமராப் படத்தைச் சேர்த்துவைக்கிற பழைய பெட்டி கருகிப்போனது. அன்றிலிருந்து ஹால், சமையலறை, வாசல், பின்கதவு என்று எல்லாக் கேமராவும் குருடு. கணவன் நினைத்து நினைத்துப் போன் செய்துகொண்டிருந்தான். ஆனால் போனுக்குக் காது மட்டும்தான்.

பெட்டி நன்றாக இருந்த காலத்தில் போன் வேறு மாதிரி வரும். பக்கத்து வீட்டுக்காரியோட என்ன அவ்வளவு சிரிப்பு? பின்கதவு எதுக்குத் திறந்துச்சு? கேமரா இல்லாத ஒரே இடம் குளியலறை. அங்கே கொஞ்சம் நேரமானால் போன் அலற ஆரம்பித்துவிடும்.

கடைச் சுவரில் மாதிரிக்கு ஒரு கேமராவும் திரையும் வைத்திருந்தார்கள். திரையில் அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு தெரிந்தது. அவள் வந்ததும் யாரும் சொல்லாமலேயே, தான் முழுதாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பழக்கம்.

கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். “இதை எடுத்துட்டுப் போங்க சார். டிஸ்க்கைச் செருகி ஒயரை மாட்டினா சாயங்காலமே ஓடும். ஆபீஸ்ல இருந்தே போன்ல பார்க்கலாம்.”

“சாயங்காலமேவா?” கணவன் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. “அப்ப இதையே...”

“ரெடிமேடா?” என்றாள் மனைவி, மெதுவாக. “அது ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவங்களுக்குத்தானே? தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி இவரே கட்டிடுவாரே.”

பெட்டி மறுபடி மேசைக்கு வந்தது.

“கட்டலாம், தப்பில்ல” என்றார் கடைக்காரர். “மதர்போர்டு, டிஸ்க், கேபினெட் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தா, இதைவிட நல்லாவே வரும். ஆனா சேர்க்கிறதோட வேலை முடியாது சார். அப்புறம் சாஃப்ட்வேர் ஏத்தணும், ஒவ்வொரு கேமராவையும் அதுகூடப் பேச வெக்கணும். பொறுமை வேணும்.”

“எனக்கா சொல்றீங்க?” கணவன் சிரித்தான். “ஸ்கூல் படிக்கிறப்பவே வீட்டு ரேடியோவைப் பிரிச்சவன் நான். எங்க அக்காவையே கேளுங்க.”

“ஆமா, பிரிச்சான்” என்றாள் அக்கா.

இருந்தாலும் அவன் கண் அந்தக் கறுப்புப் பெட்டியைவிட்டு அகலவில்லை. சாயங்காலமே என்ற வார்த்தை அவனைப் பிடித்து வைத்திருந்தது. மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“ஏங்க, ரெடிமேட்ல ஏதாவது கோளாறு வந்தா யாரு திறப்பாங்க?” என்றாள்.

“பசங்களை அனுப்புவேன்மா. இல்லைன்னா இங்க கொண்டாந்துடுங்க” என்றார் கடைக்காரர்.

“அப்ப உள்ள இருக்கிற நம்ம வீட்டுப் படமெல்லாம் அவங்க பார்ப்பாங்களா?”

கணவனின் காது சிவந்தது. கறுப்புப் பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளினான். “பார்ட்ஸைக் காட்டுங்க. நானே கட்டிக்கிறேன்.”

“நீங்க கட்டி முடிக்கிற வரைக்கும் கேமரா ஓடாதே சார். அதுவரைக்கும் சின்னதா ஒண்ணு...”

“எதுக்குங்க ரெண்டு செலவு?” என்றாள் மனைவி. “இவருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதாதா?”

“அரை நாள் போதும்” என்றான் கணவன். கேபினெட் பார்ப்பதற்காகக் கடைக்காரருக்கு முன்னால் அவனே உள்ளறைக்கு நடந்தான். மின்விசிறி எத்தனை வேண்டும், எந்தப் பக்கம் காற்று இழுக்க வேண்டும் என்று அவன் பேசிக்கொண்டே போவது கேட்டது.

பெஞ்சில் பெண்கள் இருவர் மட்டும். நாத்தனார் அவள் கையை வெடுக்கென்று கிள்ளினாள்.

“உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஒரு வாரத்து ஜெயிலைக் கேட்டு வாங்கி ஒரு வருஷமா ஆக்கியிருக்கே! உன் குரல் எனக்குக் கேட்கிறதே எப்பவாவது ஒரு நாள், பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு நீ போன்ல பேசுறப்பத்தான். இனி அதுவும் போச்சு. என் தம்பியா இருந்தாலும் சொல்றேன், அவனுக்கு இப்படியா ஏத்திவிடுறது? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

அவள் சுவரில் இருந்த திரையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள், இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். திரையில் இப்போது நாத்தனார் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, அந்த ரேடியோ அப்புறம் என்னைக்காவது பாடுச்சா?”