கோடுவரை நிரப்பிய குழாய்

"திரும்பவும் குழாயைக் குறைவா நிரப்பிட்டீரோ, அஸ்கா?"

தில்லைநாதன் சேர் இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் இயந்திரத்தின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். வெள்ளவத்தை மாலை வகுப்பின் கடைசிச் செய்முறைப் பரீட்சை அது. நோயில்லாத ஒருவரின் இரத்தம் உரிய நேரத்தில் உறைகிறது என்று ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்தில் அஸ்காவுக்கு வேலை.

போன வகுப்பில் பிழை அவளுடையதுதான். குழாயில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழேயே இரத்தத்தை நிறுத்தியதால், அதிலிருந்த உறையாமல் தடுக்கும் மருந்து இரத்தத்தின் அளவுக்குக் கூடிப்போய், உறைய நேரமெடுத்தது. இன்று கோடுவரை நிரப்பினாள், மெதுவாகக் கவிழ்த்துக் கலந்தாள். அப்படியும் இரத்தம் பிந்தித்தான் உறைந்தது.

"இவ ஃப்ரிட்ஜில தண்ணி வச்சாலும் உறையாது, சேர்" என்றான் ஏற்கெனவே தேறிவிட்ட முர்ஷித். வகுப்பே சிரித்தது.

அஸ்காவுக்குத் தன் கைமீதே சந்தேகம் வந்தது. ஆனாலும் குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"கோடுவரைக்கும் இருக்கு, சேர். ஒருக்கா நீங்களே செய்து பாருங்க."

சேர் அதே குழாயிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே செய்தார். அப்போதும் தாமதம். முர்ஷிதின் குழாயை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். அது சரியாக உறைந்தது.

"உம்மட கையில பிழையில்லை. இரத்தத்திலதான் பிழை."

சிரிப்பு அடங்கியது. சேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இரத்தம் தந்த ஆளுக்கு எந்த நேரமும் களைப்போ? மற்ற ஆக்களுக்கு வேர்க்கேக்க இவருக்குக் குளிருமோ?"

"ஓம், சேர். பல் விளக்கினா ரத்தமும் வரும்."

தைரொயிட் சுரப்பு குறைந்தால் இரத்தத்தை உறைய வைக்கும் புரதமும் சிலருக்குக் குறையலாம் என்று வகுப்புக்கு விளக்கினார். டொக்டர் தரும் குளிசையை விழுங்கி வந்தால் பெரும்பாலும் இரண்டும் சரிவந்துவிடுமாம்.

பிறகு சான்றிதழில் கையெழுத்திட்டார். "வருத்தக்காரரை நலமான ஆளெண்டு நினைச்சதுக்கு மார்க் குறைக்க மாட்டன். ஆனா ஆளை நாளைக்கே டொக்டரிட்ட அனுப்பும்."

அஸ்கா வாயெல்லாம் சிரிப்பாக இரு கைகளையும் நீட்டிச் சான்றிதழை வாங்கினாள். சட்டைக் கை மேலே விலகியது. வகுப்புக்கு முன் தன் குழாயை நிரப்ப அவளே முர்ஷிதிடம் கைநீட்டி இரத்தம் எடுத்துக்கொண்ட இடத்தில், பஞ்சு இன்னும் சிவந்துகொண்டிருந்தது.

நாளைக் காலை முதல் வேலை: டொக்டரிடம் போய்த் தன் தைரொயிட்டைச் சோதித்துக்கொள்வது.