கதிரைக்கடியில் ஒரு பை

கண்டி ஹோட்டலொன்றில் விமானப் பணிப்பெண்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. "எதைக் கண்டாலும் உடனே சொல்லுங்கள்" என்று காலை முழுவதும் படிப்பித்தார் பயிற்சியாளர் தம்பிராஜா. ஆனால் சோதனைக்காகக் கதிரைக்கடியில் அவர் வைத்த பையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வகுப்பு கலைந்ததும், பயிற்சிக்கு வந்திருந்த பத்மாதேவியை நிறுத்தினார்.

"நீர் பையைக் கண்டுதானே இடம் மாறி இருந்தனீர்? ஏன் சொல்லேல்லை? வேலையே போகும், பிள்ளை."

"போன மாதம் ஸ்டேஷனிலை ஒரு பை தனியக் கிடந்தது. பொலிசுக்குச் சொன்னன், சேர்."

"நல்லதுதானே!"

"உள்ளுக்கை சாப்பிடுற பாண்தான் இருந்தது. பையை உடனே விட்டிட்டினம். என்ரை தமிழ்ப் பேரைப் பாத்திட்டு, என்னை ஏழு நாள் வைச்சு விசாரிச்சவை."

தம்பிராஜா குரலைத் தாழ்த்தினார். "அறிக்கையிலை நீர் பையைக் காணேல்லையெண்டு எழுதிவிடுறன்."

"பிளேனிலை கண்டால் சொல்லட்டோ, சேர்?"

அவர் குனிந்து பையை எடுத்தார்.