கசங்காத சட்டை

"எட்டு மணி நேரம் பிளேன்ல உட்கார்ந்து வர்ற மனுஷன், எப்படிக்கா புது மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குறாரு?" என்று பக்கத்துத் தையல்கடைக்காரி ஒருமுறை இஸ்திரிக்காரியிடம் கேட்டாள்.

"இஸ்திரிக்காரி புருஷன்டி. கசங்கறதுக்குச் சட்டையே பயப்படும்" என்றாள் அவள். இரண்டு கடையிலும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் அவள் கணவனுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. லீவு கிடைத்தால் வருவான். காலையில் போன் செய்து, "பிளேன் ஏறிட்டேன், இனி பேச முடியாது" என்பான். மாலையில் வாசலில் வந்து நிற்பான்.

இன்றும் அப்படித்தான் வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முழங்கை மடிப்பில்கூட ஒரு சுருக்கமில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கத்தி வைத்த மாதிரி ஒரு கோடு.

"அந்த ஊர்க் கடைக்காரனுக்குத் தொழில் தெரியல. கையில இப்படியா கோடு விழத் தேய்ப்பான்?" என்றாள். சட்டைக் கைக்குள் துண்டைச் சுருட்டி வைத்துக் கோடே விழாமல் தேய்ப்பவள் அவள். "இந்தத் தடவை நானும் உங்களோட வந்துடறேங்க. எத்தனை வருஷம்தான் நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்?"

"ஆரம்பிச்சிட்டியா? எட்டு மணி நேரம் ஒரே பறப்பு. நடுவுல இறங்கிக் காலாற நடக்கவா முடியும்? உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

நாள் முழுக்க நின்று நின்று இடுப்பு விட்டுப்போனது உண்மைதான். தன் வலியை நினைத்துப் பார்க்கிறானே என்று அவளுக்கு மனசு நிறைந்தது.

அப்போது தன் சீருடையை வாங்கிப் போக, வாடிக்கைக்காரியான விமானப் பணிப்பெண் வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தேம்மா" என்று, கணவன் வேலை செய்யும் ஊரின் பெயரைச் சொன்னாள் இஸ்திரிக்காரி. "இவர் அங்கிருந்துதான் இப்ப வந்து இறங்கினாரு. இடுப்பு வலிக்காரி அவ்வளவு தூரம் உட்கார முடியுமா? நீயே சொல்லு."

"அதென்னக்கா பெரிய தூரம்? மூணரை மணி நேரம். ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இப்பவா வந்தீங்க? அங்கிருந்து ஒரு நாளைக்கு ஒரே பிளேன்தானே. இன்னிக்கு அதுல எனக்குத்தான் வேலை. மதியச் சாப்பாட்டுக்கே நான் வீட்டுக்கு வந்துட்டேனே அண்ணா."

அவன் சுவரைப் பார்த்தான்.

மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவன் கையைப் பிடித்து, சட்டையின் அந்தக் கோட்டில் விரலை ஓட்டினாள். கஞ்சியின் மொடமொடப்பு இன்னும் குறையவில்லை.

"இதைத் தேய்ச்சவ யாருங்க?"

அவன் கையை உருவிக்கொண்டான். செருப்பை மாட்டினான். கொண்டுவந்த பெட்டியைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தான்.