நத்தை ஏற்றிய பக்கம்

“இந்த மாசத்தோட வெப்சைட்டை இழுத்து மூடிடறேன்” என்றார் டி.வி. மெக்கானிக்.

“ஏழு வருஷமா என்னைவிட அதைத்தானே அதிகம் கொஞ்சினீங்க!” என்றாள் மனைவி.

வீட்டிலிருந்தே சின்ன அளவில் ரேடியோ ஒலிபரப்பிப் பார்க்கும் ஆர்வலர்களுக்காக அவர் நடத்தும் தளம் அது. அளவுக்கு மீறிய சக்தி என்று சொல்லி அவருடைய கருவியையே அதிகாரிகள் பறிமுதல் செய்ததும், உறுப்பினர்கள் பயந்துபோய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மாதம் முடிவதற்குள் ‘நத்தை’ என்ற புனைபெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். எவ்வளவு சக்தி, எந்த அலைவரிசை, யாரிடம் அனுமதி என்று விதிகளையெல்லாம் பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதித் தளத்தில் ஏற்றினார். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி விலாசம் வாங்கிய மெக்கானிக், மனைவியோடு நன்றி சொல்லப் போனார். கதவு திறந்ததும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“சார், என் செட்டைத் தூக்கிட்டுப் போனதே நீங்கதானே?”

அதிகாரி சங்கடத்தோடு மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தார்.

“அன்னிக்கு வாசல்ல மறிச்சு, ‘இதெல்லாம் எங்கே சார் எழுதி வெச்சிருக்கு?’ன்னு கேட்டீங்களேம்மா... தேடிப் பிடிக்க எனக்கே மூணு வாரம் ஆச்சு!”