இன்றைய சிறந்த சாக்கு

"அக்கா, முதல்ல உங்க பக்கத்துல ஓடுற ரேடியோவை அடைங்க லா. எதிரொலிக்குது" என்றாள் வானொலி அறிவிப்பாளர் சிவானி.

என்னோடு தைக்கும் வசந்தகுமாரி எட்டி வானொலியை அடைத்தாள். நான் கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மேசைமேல் வைத்தேன். சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் ரவிக்கைக் கடையை அப்போதுதான் திறந்திருந்தோம்.

உலகக் கிண்ணக் காற்பந்தின் இறுதியாட்டம் முடிந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. காலை வானொலியில் வேறு பேச்சே இல்லை. சிவானியும் ரித்திக்கும் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். விடிய விடிய ஆட்டம் பார்த்தவர்கள் இன்று வேலைக்கு மட்டம் போட என்ன சாக்கு சொன்னார்கள்?

என் கணவர் லாசரஸின் அணி பெனால்டியில் தோற்றிருந்தது. மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் முகம் கழுவினார், சீருடையை மாட்டினார், ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் பொய்யாக ஓர் எம்.சி. எடுத்ததில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் அந்த விடுப்புச் சீட்டு அவருக்குக் கிட்டத்தட்ட சத்தியம்.

அதனால்தான் வானொலிக்குப் போன் அடித்து அவருடைய நம்பரைக் கொடுத்தேன். கொஞ்சம் கலாய்க்கட்டுமே என்று.

சிவானி நர்ஸ் குரலுக்கு மாறினாள். "ஹலோ, மிஸ்டர் லாசரஸா? கிளினிக்லேர்ந்து பேசறோம். உங்க எம்.சி. விஷயமா..."

"வந்துட்டேன் சிஸ்டர், வெளியிலதான் உட்கார்ந்திருக்கேன். ஸ்கேனுக்கு இன்னும் கூப்பிடல." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கு மட்டும் போன் அடிச்சிடாதீங்க. வைஃபுக்குத் தெரியாது."

அரங்கமே ஆர்ப்பரிக்கும் ஒலியைப் போட்டான் ரித்திக். "சேம் சைடு கோல்! அண்ணே, நாங்க வானொலியிலேர்ந்து பேசறோம். ஆனி அக்கா லைன்லதான் இருக்காங்க!"



கடையில் வசந்தகுமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"சரி லா, மாட்டிக்கிட்டேன்" என்றார் லாசரஸ். "தோத்த துக்கம் தாங்கல. எம்.சி. போட்டுட்டேன்."

அன்றைய சிறந்த சாக்கு அதுதான் என்று அறிவித்தார்கள்.

மதியத்துக்குள் என் சிரிப்பு வற்றிவிட்டது. அன்பியம் என்ற எங்கள் தேவாலயக் குடும்பக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்த ஒலித்துண்டைப் போட்டுவிட்டார்கள். 'அண்ணனுக்கு ஆஸ்கார்' என்று ஒருவர். 'ஞாயித்துக்கிழமை வாசகத்தையும் இப்படித்தான் நடிச்சு வாசிக்கிறாரோ' என்று இன்னொருவர்.

பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற மனிதர். ஊர் கேட்கப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு மானம் போயிற்று.

"ஸ்கேன்னு வாய் கூசாம சொல்றீங்களே, நாளைக்கு நிஜமாவே வந்தா?" என்று மாலையில் அவரிடம் கேட்டேன்.

"தப்புதான் ஆனி" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை மாலை கோயிலுக்கு அழைத்துப்போய், ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிறுத்தினேன். ஏழெட்டுப் பேர் பார்க்க, அவர் உள்ளே போய்விட்டு வந்தார்.

"அந்தப் பொய்யைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அக்டோபரில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையத்தில் புற்று என்றார்கள். ஓர் இளம் மருத்துவர் கோப்பை முதலிலிருந்து புரட்டி, முதல் ஸ்கேன் எடுத்த தேதியை வாசித்தார். இறுதியாட்டம் முடிந்த அதே நாள். காலை ஒன்பது மணி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ஊசிக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர்கிட்ட உண்மையைத்தான் சொன்னேன்" என்றார். "உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்னு."

நவம்பர் கடைசியில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, அந்த வானொலிக் கதையை எடுத்தார்கள். எவ்வளவு தமாஷான மனிதர் என்றார்கள். நான் தலையாட்டினேன். நான் சிரித்ததைப் பற்றி யாரும் குறையாகச் சொல்லவில்லை. அன்று எல்லாரும்தான் சிரித்தார்கள். அதற்கு மன்னிப்பு உண்டு என்று நானும் நம்பப் பார்க்கிறேன்.

யாரிடமும் சொல்லாதது வேறு.

அந்தச் சனிக்கிழமை ஃபாதர் அவருக்குக் கொடுத்த பரிகாரம் ஒரே ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். நாடு கேட்கச் சொன்ன பொய்க்கு இது எந்த மூலைக்கு என்று எனக்கு ஆத்திரம். செங்காங் வீட்டுக்கு வந்ததும், மாதா படத்துக்கு முன்னால் வெறுந்தரையில் அவரை முழந்தாளிட வைத்தேன். ஜெபமாலை முழுதும், பத்துப் பத்தாக ஐம்பது மரியே ஜெபம், சொல்லச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

மூன்றாவது பத்தில் அவருக்குக் குரல் தடுமாறியது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். மறு கை நடுமுதுகுக்குப் போனது.

"கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா ஆனி?"

"இன்னும் ரெண்டு பத்து இருக்கு" என்றேன்.