கைதட்டாத கூட்டம்

முதல் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

மைக் அக்காவுக்கு இது புதுசு. எந்தத் திருச்சபையில் சொன்னாலும் கூரை அதிரும் ஜோக் அது.

"வாலிபர் கூட்டத்துக்கு வர்ற அத்தனை பிள்ளைங்க பிறந்தநாளும் என் வீட்டுக்காரருக்கு அத்துப்படி. என் பிறந்தநாளை மட்டும் அவர் போன்தான் அவருக்குச் சொல்லணும்!"

ஹாலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா, ஒன்றும் விளங்கவில்லை.

சபையின் இளம் பிள்ளைகளிடையே வாலிபர் ஊழியம் செய்யும் பாஸ்டர்களின் மனைவிமாரை உற்சாகப்படுத்தத்தான் அவரை அழைத்திருந்தார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லோருக்கும் அவர் மைக் அக்கா.

"சரி, எல்லாரும் சேர்ந்து சத்தமா ஒரு அல்லேலூயா சொல்லுங்க பார்ப்போம்!"

கைகள் எல்லாம் மேலே போயின. உதடுகளும் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்த, கண்ணாடி போட்ட பாஸ்டரம்மா பூனை மாதிரி மேடைக்கு வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"இதுக்கு மேல குறைச்சா எனக்கே கேட்காதேம்மா!"

அப்போதுதான் மைக் அக்காவின் கண் முன்வரிசைக்குப் போனது. நட்டநடுவில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வெறும் கண்ணயர்வு அல்ல. வாய் திறந்து, பக்கத்து இளம்பெண்ணின் தோளில் தலை சாய்த்து, அடித்துப்போட்ட தூக்கம். அந்த இளம்பெண்ணோ அவள் கையைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, மேடையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

மைக் அக்காவுக்குச் சுருக்கென்றது. வாலிபர் பாஸ்டர் மனைவியாக அவரும் மாய்ந்து மாய்ந்து உழைத்தவர்தான். வேளை கெட்ட வேளையில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டே அவர் இளமை போனது. அப்போது, 'நீ நல்லா இருக்கியாம்மா?' என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்காத அந்த வார்த்தையை இவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இவர்கள் என்னடாவென்றால்...

"இருங்க, ஒருத்தங்க நல்லா ஓய்வெடுக்கிறாங்க. நானே போய் எழுப்பிடுறேன்" என்று சிரித்த முகமாகவே மேடையிலிருந்து இறங்கினார்.

அந்த இருவரைத் தவிர முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது.

இன்னும் ஓர் அடி வைத்தார். மொத்த ஹாலும் எழுந்து நின்றது. ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. சத்தம் வரக்கூடாதென்று அவரவர் நாற்காலியை அவரவரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்தவர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். வேண்டாம்.

மைக் அக்கா அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ கூட்டம் பார்த்தவர். இப்படி ஒரு மௌனத்தை அவர் எங்குமே பார்த்ததில்லை.

கண்ணாடி பாஸ்டரம்மா ஓடிவந்து, மைக்கைக் கையால் பொத்தியபடி அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"எழுப்பிடாதீங்கக்கா. அவ ஒழுங்கா தூங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவ வீட்டுக்காரரோட வாலிபர் குழுவுல ஒரு பொண்ணு. வாழவே பிடிக்கலைன்னு தப்பான முடிவுக்குப் போயிட்டா. நல்லவேளை, காப்பாத்தியாச்சு. இவ அந்தப் பொண்ணைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டா. ராத்திரி பூரா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சிருக்கா. தான் கண் அசந்தா, அந்தப் பொண்ணு எழுந்து எங்கயாவது போயிடுவாளோன்னு பயம்."

"நீங்கள்லாம் மாத்தி மாத்திப் போய் இருக்கலாமே?"

"போனோமேக்கா. அந்தப் பொண்ணு இவ கையைத் தவிர வேற யார் கையையும் பிடிக்க மாட்டேங்குது. இன்னிக்கு நீங்க பேச ஆரம்பிச்சதும் எப்படியோ கண்ணை மூடிட்டா. அதான் யாரும் சிரிக்கல, கைதட்டல. உங்க ஜோக்குக்குச் சிரிப்பை அடக்கி எனக்கு வயிறே வலிக்குது."

மைக் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் பக்கம் பக்கமாகப் பேச நினைத்து வந்ததை, இவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். கையிலிருந்த மைக்கின் சுவிட்சை அணைத்தார்.

"என் பேச்சைக் கேட்டு ஒருத்தி தூங்கினதுக்கு ஸ்தோத்திரம் சொல்றது இதுதாம்மா முதல் தடவை" என்று மூக்கை உறிஞ்சினார். சட்டென்று பதறினார். "ஐயோ, அப்ப அந்தப் பொண்ணு? தனியா வீட்லயா விட்டுட்டு வந்திருக்கா?"

மைக் அக்காவுக்குக் கிசுகிசுக்க வராது. கேட்டது முன்வரிசைவரை போய்விட்டது.

தோளில் சாய்ந்திருந்த தலை நழுவாமல், பிடித்திருந்த கையையும் விடாமல், அந்த இளம்பெண் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எங்கயும் போகமாட்டேம்மா. அக்கா தூங்கட்டும், நான் முழிச்சிருக்கேன்."