விழுங்கிய டாலர் குறி

மூன்றாவது தடவையும் பாஸ்வேர்டு தப்பினால் திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் இன்று முழுக்க எங்களை உள்ளே விடாது. இரண்டு தடவை ஏற்கெனவே தப்பியாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி ஓமனாக்கா நின்றாள். காலையில் அவள் கணவரை லாரி மோதியிருந்தது. ஆப்பரேஷன் தியேட்டரில் கிடந்தார்.

லாபிலிருந்து எனக்கு வந்த சீட்டில் பெயர் இல்லை, ரத்த குரூப் மட்டும்தான் இருந்தது. பம்பாய் குரூப். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்குமாம்; வேறு எந்த ரத்தமும் சேராதாம். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில்கூட இல்லை. அந்த ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல் திருவனந்தபுரத்தில் இருந்தது.

அங்கே போன் போடுவது, பாஸ்வேர்டு கொடுப்பது, பட்டியலை இறக்குவது எல்லாமே எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்து கல்ஃப் போன ஜெயதாஸ் எழுதிவைத்த ஸ்கிரிப்டின், அதாவது கட்டளைக் கோப்பின் வேலை. திங்கட்கிழமைதோறும் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும்தான் என் பொறுப்பு.

ஞாயிறு ஆராதனையில் சபைப் பலகையில் எழுதிப்போடும் பாட்டு எண்ணைத்தான் வைப்பேன். மறக்காது. இந்த வாரம் ஏதாவது ஒரு குறியும் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. நாசமாய்ப்போன உத்தரவு. paattu$214 என்று அங்கேயும் ஸ்கிரிப்டிலும் வைத்தேன்.

எழுத்துப் பிழையே இல்லை. பிறகு ஏன் தப்புகிறது? கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

போன் போடாமல், ஸ்கிரிப்டு என்ன அனுப்புகிறது என்று திரையில் காட்டச் சொன்னேன்.

paattu14.

டாலர் குறியைக் கண்டால், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் அதையடுத்து வரும் ஒற்றை இலக்கத்தை ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடும். எதுவும் இல்லையென்றால் குறியோடு சேர்த்து விழுங்கிவிடும். ஜெயதாஸ் ஒருமுறை சொல்லித்தந்ததுதான். நான்தான் மறந்துவிட்டேன், பாவி.

ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டைச் சுற்றியிருந்த இரட்டை மேற்கோளை அழித்துவிட்டு ஒற்றை மேற்கோள் போட்டேன். அதற்குள் வைத்தால் ஷெல் எதையும் தொடாது.

மோடம் கரகரத்தது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே விட்டது. ஒரு வரி வந்தது. சந்தோஷத்தில் உரக்க வாசித்தேன்.

"கிட்டியாச்சு அக்கா! சதாசிவன், ஆரியங்கோடு. ஏழு தடவை ரத்தம் குடுத்த ஆளாக்கும்!"

ஓமனாக்கா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரப்பர் ஷீட்டு விக்கப் போறேன்னு சொல்லித்தான் திருவந்தரத்துக்குப் போவாரு. அது எங்க வீட்டுக்காரருதான் சாரே."

பட்டியலில் அதற்குக் கீழே வேறு வரி வரவில்லை.